பைத்தான்-ஃப்ளின்ட்: பெரிய எண்கள் அந்தப் பக்கமே இருக்கட்டும்

கும்பகோணத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கணக்கையும் நிரலையும் சேர்த்துச் சொல்லித் தருகிறேன், அந்த வேலைக்குத்தான் பைத்தான்-ஃப்ளின்டைப் பயன்படுத்துகிறேன். எத்தனை இலக்கமானாலும் துல்லியமாகக் கணக்குப் போடும் ஃப்ளின்ட் என்ற சி லைப்ரரியைப் பைத்தானிலிருந்து கூப்பிட உதவுவது இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அருமையான லைப்ரரி, காசு கிடையாது, பைத்தானின் நிறுவும் கருவியான பிப்பில் கட்டளை ஒன்று போதும், ஃப்ளின்ட், அதற்கு அடித்தளமான ஜிஎம்பி (பெரிய முழு எண்களுக்கு), எம்பிஎஃப்ஆர் (துல்லியமான தசம எண்களுக்கு) எல்லாம் கம்பைல் ஆகியே வந்து இறங்கிவிடும், ஆய்வகத்தில் இருக்கிற விண்டோஸ் கணினியிலும் ஓடும். ஆனால் இதை நம்பை (NumPy, பைத்தானின் எண் வரிசை லைப்ரரி) மாதிரி நினைத்துக்கொண்டு, எண்களை வரிசை வரிசையாகப் பைத்தானுக்கும் ஃப்ளின்டுக்கும் இடையே கடத்திக்கொண்டிருந்தால் இதன் வேகத்தில் பாதியைக்கூடப் பார்க்க மாட்டீர்கள்.

இந்த ஊரில் வேறு எதை எடுத்துச் சோதிப்பது, ராமானுஜனின் பிரிவினை எண்களைத்தான். 4 என்பதை, முன்பின் வரிசையைப் பொருட்படுத்தாமல், மிகை முழு எண்களின் கூட்டலாக 5 விதமாக எழுதலாம், அந்த 5 தான் 4-இன் பிரிவினை எண், 100 என்றால் 19,05,69,292 விதம். 200-க்கு 3972999029388. ஹார்டியும் ராமானுஜனும் 1918-ல் வெளியிட்ட சூத்திரத்தைச் சரிபார்க்க கணித அறிஞர் மக்மஹோன் 200 வரை கையாலேயே கணக்குப் போட்டுக் கொடுத்தார். 64 பிட் முழு எண்ணில் 405-இன் பிரிவினை எண் வரைதான் கொள்ளும். நம்பையின் சாதாரண 64 பிட் வரிசையில் கூட்டிக்கொண்டே போனால் 406-வது இடத்தில் சத்தமே இல்லாமல் எதிர்மறை எண் வந்து நிற்கும், பிழை, எச்சரிக்கை எதுவும் வராது. பைத்தான் எண்களையே வைக்கும் ஆப்ஜெக்ட் வகை வரிசைக்கு மாறினால் விடை சரியாக வரும், ஆனால் அது வெறும் பாயின்டர்களின் (நினைவக முகவரிகளின்) வரிசை, ஒவ்வொரு கூட்டலுக்கும் பைத்தானைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

இங்கேதான் ஃப்ளின்ட் உள்ளே வருகிறது. ஆய்லரின் ஐங்கோண எண் தேற்றப்படி 0, 1, -1 மட்டுமே கெழுக்களாக உள்ள ஒரு பல்லுறுப்புக்கோவையைக் கொடுத்து, அதன் தலைகீழியை அடுக்குத் தொடராகக் கேட்டால் பிரிவினை எண்கள் மொத்தமும் ஒரே அழைப்பில் கிடைத்துவிடும். உள்ளே போவது சின்ன எண்கள், அதற்குச் செலவே தெரியாது. வெளியே வருவதுதான் பெரிசு. 10,000-வது பிரிவினை எண்ணுக்கு 107 இலக்கம்.

வெளியே எடுப்பதில் ஏன் செலவு என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதை லைப்ரரியின் மந்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பைத்தான் தன் முழு எண்ணை 30 பிட் துண்டுகளாக வைக்கிறது, ஜிஎம்பி 64 பிட் துண்டுகளாக வைக்கிறது. ஃப்ளின்டின் எண்ணோ 8 பைட்தான்: 62 பிட்டுக்குள் அடங்கினால் மதிப்பு அங்கேயே இருக்கும், தாண்டினால் அதே இடத்தில் ஜிஎம்பி எண்ணுக்கான பாயின்டர் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே வரிசை முழுவதையும் ஒரே நினைவகத் துண்டாக நகலெடுத்து நீட்ட வழியே கிடையாது. ஒவ்வொரு எண்ணையும் தனியாகப் பிரித்து, பிட்டுகளை மாற்றி அடுக்கி, புது பைத்தான் எண்ணாகக் கட்ட வேண்டும். நெல் கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோன மூட்டை அத்தனையையும் அவிழ்த்துக் கொட்டித் தூற்றி, மறுபடி 40 கிலோ சிப்பமாகக் கட்டுகிறார்களே, அந்த வேலைதான் இது. மூலநிரலைத் திறந்து பார்த்தால், பெரிய எண்ணைப் பதினாறடி (16-ஐ அடியாகக் கொண்ட) எழுத்துச் சரமாக எழுதி அதைத் திரும்பப் படித்துத்தான் பைத்தான் எண்ணாக்கியிருக்கிறார்கள். கேட்க முரட்டு வழியாகத் தோன்றும், ஆனால் நியாயமான வழி, பதினாறடியில் மாற்றுவதற்கு இலக்கங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற நேரம்தான் ஆகும். பதின்மச் சரம் வழியாக நீங்களே மாற்றப் போனால் நேரமும் கூடும், 4,300 இலக்கத்தைத் தாண்டியதும் இப்போதைய பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். இரண்டு கோடியின் பிரிவினை எண்ணே அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

சி லைப்ரரிகளைக் கூப்பிடும் பைத்தான் வசதியான சிடைப்ஸ் வைத்து நேரடியாக ஜிஎம்பியோடு பேசிக்கொள்ளலாமே என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. செய்யலாம், கற்றுக்கொள்ள நல்ல பயிற்சியும்கூட. ஆனால் ஜிஎம்பி எண்ணின் 16 பைட் தலைப்பை மட்டும் நகலெடுத்தால் முகவரிதான் நகலாகும், இலக்கங்கள் ஆகாது. ஒரு பக்கம் நினைவகத்தை விடுவித்ததும் மறுபக்கம் செத்த முகவரியைப் பிடித்துக்கொண்டு நிற்கும், நிரல் எங்கேயோ எப்போதோ விழும், காரணமும் பிடிபடாது. யார் ஒதுக்கினார்களோ அவர்களே விடுவிக்க வேண்டும் என்ற இந்தத் தலைவலி முழுவதையும் பைத்தான்-ஃப்ளின்ட் தன் தலையில் போட்டுக்கொள்கிறது. இந்த ஒன்றுக்காகவே இதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன்.

சரி, வேகம் வேண்டுமென்றால் என்ன செய்வது? எண்களை அந்தப் பக்கமே விட்டுவிட்டு விடையை மட்டும் எடுங்கள். 4, 9, 14 என்று 4-லும் 9-லும் முடிகிற எண்களின் பிரிவினை எண்ணிக்கை 5-ஆல் வகுபடும் என்பது ராமானுஜனின் கண்டுபிடிப்பு. அதைச் சரிபார்க்க எல்லா எண்களையும் பைத்தானுக்கு இழுத்து வந்து ஒவ்வொன்றாக வகுக்க வேண்டியதில்லை. கோவையை அப்படியே 5-இன் மட்டுக்கு, அதாவது 5-ஆல் வகுத்த மீதிகளை மட்டும் வைக்கும் என்மாட் வகைக்கு, உள்ளேயே மாற்றிவிட்டால் வெளியே வருவது ஓரிலக்க மீதிகள் மட்டும்தான். அணிக்கோவை, எல்எல்எல் (சிறிய திசையன்களைத் தேடும் முறை), சமன்பாட்டுத் தீர்வு எல்லாம் இப்படியே, அணியாகக் கொடுத்து அணியாகவே வைத்திருங்கள். ஒரே ஒரு பிரிவினை எண் போதுமென்றால் அதற்குத் தனிச் செயல்கூறு இருக்கிறது, தொடரே வேண்டாம்.

தசம எண்களில் கவனம் இன்னும் அதிகமாகத் தேவை. ஃப்ளின்டின் ஆர்ப் வகை ஒரு மதிப்பையும் அதன் பிழை எல்லையையும் சேர்த்தே சுமக்கிறது, அதுதான் அதன் அழகு. அதைப் பைத்தானின் சாதாரண தசம எண்ணான ஃப்ளோட்டாக மாற்றிய நொடியில் அந்த எல்லை போய்விடும். அப்புறம் 0.1 என்பதை மேற்கோள் குறிக்குள் சரமாகக் கொடுங்கள், வெறுமனே கொடுத்தால் இரும எண்ணாகும்போது வந்த பிழை அதற்கு முன்பே ஒட்டிக்கொண்டிருக்கும். இயல்பான துல்லியம் 53 பிட் மட்டுமே, கூட்டிக்கொள்ள மறக்காதீர்கள்.

குறைகள் உண்டு. ஆவணங்கள் சுருக்கமாக இருக்கின்றன, புதிதாக வரும் மாணவர் உதாரணம் போதாமல் திணறுவார். கெழுக்களைக் கேட்டால் வருவது ஃப்ளின்ட் எண்கள், பைத்தான் எண்கள் அல்ல, தரவை உரையாக அனுப்பும் ஜேசன் வடிவம் அவற்றை ஏற்காது. மாற்றி அனுப்பும்போதும் சரமாகவே அனுப்புங்கள், எண்ணாக அனுப்பினால் உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740992-க்கு மேல் வட்டமாக்கிவிடும்.

2025-ல் வந்த பைத்தான் 3.14-ல், முழு எண்ணின் உள் துண்டுகளை சி லைப்ரரிகள் நேரடியாகப் படிக்கவும் எழுதவும் முறையான வழி கொடுத்திருக்கிறார்கள், சரத்தின் வழியே சுற்றிவர வேண்டாம். அப்போதும் எண்ணுக்கு ஒரு அழைப்பு என்பது மாறாது. கோவையின் கெழுக்கள் அனைத்தையும் ஒரே பைட் தொகுதியாக எழுதித் தரும் செயல்கூறு ஒன்றை இந்த லைப்ரரி சேர்த்தால், எங்களைப் போல நீண்ட அட்டவணைகளைச் சேமித்து வைத்துப் பாடம் நடத்துகிறவர்களுக்குப் பெரிய உபகாரமாக இருக்கும்.