பிள்ளைக்கு 18 வயதாகப் போகிறதா? 86,500 ரூபாயைப் பறிகொடுத்தவள் எழுதுகிறேன்

நேற்று திங்கட்கிழமை ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வெளியே வந்து, கடற்கரை ரயில் நிலைய நடைமேடையில் உட்கார்ந்து அழுதேன். மூன்று கும்மிடிப்பூண்டி வண்டிகளை விட்டுவிட்டேன். இன்று அழுகை நின்றுவிட்டது, கோபம்தான் இருக்கிறது. அது ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

நாங்கள் தண்டையார்பேட்டை. என் மகனுக்கு வரும் தை மாதம் 18 முடிகிறது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு இரண்டும் உண்டு. என் கணவர் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலியாக இருந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன் தவறிவிட்டார். அன்றிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். எனக்கும் ஏதாவது ஆகிவிட்டால் இவனுக்கு யார் சோறு பிசைந்து கொடுப்பார்கள்? இந்தப் பயத்தை வைத்துத்தான், பாதுகாவலர் சான்றிதழ் வாங்கித் தருவதாக என்னை ஏமாற்றிய ஆலோசகர் பிழைக்கிறார்.

சிறப்புக் குழந்தைகளின் எதிர்காலத்துக்குத் திட்டம் போட்டுத் தருவதாகச் சொல்லிக்கொள்ளும் ஓர் ஆலோசனை மையம். பெரம்பூர்ப் பக்கம், மாடியில் இரண்டு அறை. போலீசில் புகார் கொடுக்கப்போவதால் பெயரை இங்கே எழுதவில்லை. மகன் பயிற்சிக்குப் போகும் இடத்தின் வாசலில் நோட்டீஸ் கொடுத்தார்கள். வியாசர்பாடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசக் கூட்டம் நடத்தினார்கள். அதன் பிறகு மே மாதத்தில் மகனை அழைத்துக்கொண்டு அந்த மாடிக்குப் போனேன்.

புது இடம் என்றால் என் மகன் காதைப் பொத்திக்கொண்டு முனகத் தொடங்கிவிடுவான். அன்றும் அப்படித்தான். நான் வாயைத் திறப்பதற்கு முன் அந்த ஆலோசகர் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். "தம்பிக்கு அந்தச் சத்தம் ஆகவில்லை அம்மா" என்றார். கத்திரி வெயிலில், சட்டை முழுவதும் நனைய, மகனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். மகனின் முனகல் நின்றது. பதினேழு ஆண்டுகளில் சொந்தக்காரர்கள்கூட எவரும், நான் கெஞ்சாமல், இவனுக்காக ஒரு விசிறியை நிறுத்தியது கிடையாது. நான் 86,500 ரூபாய் கொடுத்தது அந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. பொய்யை அந்த உண்மைக்குள் வைத்துக் கொடுத்தார். "18 முடிந்துவிட்டால் பெற்ற தாயாக இருந்தாலும் சட்டப்படி நீங்கள் பாதுகாவலர் இல்லை. தனியாக நியமன உத்தரவு வாங்க வேண்டும்" என்றார். அது சரிதான். அந்த உத்தரவு, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு, எனக்குப் பிறகு ஆயுள் முழுவதும் தங்க கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் இல்லத்தில் இடம், எல்லாம் சேர்த்து 86,500 என்றார். சீட்டு எடுத்து 50,000 கொடுத்தேன். என் கணவர் போட்ட சங்கிலியை அடகு வைத்து 36,500 கொடுத்தேன். ரசீதில் "சேவைக் கட்டணம்" என்று மட்டும் எழுதினார்கள். எந்தச் சேவை என்று நான் கேட்கவில்லை.

ஜூனில் கேட்டபோது கோப்பு டெல்லிக்குப் போயிருக்கிறது என்றார்கள். ஜூலையில் சர்வர் வேலை செய்யவில்லை. அடுத்த முறை அதிகாரி மாற்றலாகிவிட்டார். பிறகு அவர் போனை எடுப்பதே இல்லை. அலுவலகத்துப் பெண்தான், "சார் வெளியூரில் இருக்கிறார் அக்கா" என்று அலுத்துக்கொள்வாள். ஒருநாள் அவரே எடுத்து, "எத்தனையோ குடும்பங்களுக்குச் செய்கிறோம், நீங்கள் மட்டும் ஏன் இப்படிப் பறக்கிறீர்கள்?" என்று அதட்டினார்.

ஆகஸ்டில் மகனோடு நேரில் போய் நின்றேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மகன் காதைப் பொத்திக்கொண்டு முனகினான். அவர் அவனைப் பார்த்தார், பிறகு கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினார். நிறுத்தச் சொன்னேன். "புழுக்கமாக இருக்கிறது அம்மா" என்றார். அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நோட்டரி முத்திரை குத்திய ஒரு பத்திரத்தை நீட்டி, இதுதான் பாதுகாவலர் சான்றிதழ் என்றார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போன வாரம் அந்த இல்லத்தைப் பார்க்கப் போனேன். கொடுத்த முகவரியில் அரைகுறையாக எழுப்பிய மதில் சுவரும் ஒரு காவலாளியும்தான். "இங்கே கிடங்கு வரப்போகிறது அம்மா, பிள்ளைகள் இல்லம் எதுவும் கிடையாது" என்றார் அந்தப் பெரியவர். வெயிலில் நிற்கிறோமே என்று மகனுக்குத் தண்ணீரும் கொடுத்தார்.

நேற்று குறைதீர் கூட்டத்துக்குப் பத்திரத்தைக் கொண்டுபோனேன். வாங்கிப் பார்த்த அலுவலர், "இதை யாரம்மா உங்களுக்குக் கொடுத்தது?" என்று கேட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1999ஆம் ஆண்டு வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன்படி பாதுகாவலரை நியமிப்பது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு. பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்திலிருந்து ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் அதில் இருப்பார்கள். கோப்பு டெல்லிக்குப் போக வேண்டியதே இல்லை. 18 முடியும்வரை பெற்றவள் நான்தான் இவனுக்கு இயற்கைப் பாதுகாவலர், அதற்குப் பிறகு விண்ணப்பித்தால் போதும். விண்ணப்பத்துக்குக் கட்டணமும் கிடையாது. நியமனம் ஆனால் ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்து விவரத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். என்னிடம் எவரும் எந்த விவரமும் கேட்கவில்லை. என் மகன் பெயரில் அங்கே ஒரு தாள்கூட இல்லை.

நிராமயாவுக்கு ஆண்டுச் சந்தா சில நூறு ரூபாய்தானாம், அதில் ஒரு லட்சம் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்குமாம். அதையும் அவர்கள் கட்டவில்லை. 86,500 ரூபாய்! நான் அதிகாலையில் மாவு அரைத்து வீடு வீடாகக் கொடுத்துச் சேர்த்த சீட்டும், என் கணவர் போட்ட சங்கிலியும் அது.

என்னென்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாதுகாவலர் நியமனத்துக்கு எவருக்கும் பணம் கொடுக்காதீர்கள், நேராக ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும், அரசு மாதந்தோறும் தரும் 2,000 ரூபாய்ப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் இடைத்தரகர் வேண்டாம். இல்லம் என்று சொன்னால் பணம் கட்டுவதற்கு முன் போய்ப் பாருங்கள், அங்கே இருக்கும் பிள்ளைகளைப் பாருங்கள். எதற்கான பணம் என்று ரசீதில் வரி வரியாக எழுதி வாங்குங்கள். ஏமாந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. நானும் இன்று காலை அதில் புகாரைப் பதிந்திருக்கிறேன், நாளை காவல் நிலையம் போகிறேன்.

அதே வியாசர்பாடி மண்டபத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் இலவசக் கூட்டமாம். பயிற்சி மைய வாசலில் இன்று நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். போகாதீர்கள்.