பழைய லப்டொப்புக்கு எது: மின்டா, ஃபிளெக்ஸா, ஆன்டிஎக்ஸா?

வின்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. அதற்குப் பதிலாகப் பழைய லப்டொப்பில் போடக்கூடிய இலவச இயங்குதளங்கள்தான் லினக்ஸ் மின்ட், குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ், ஆன்டிஎக்ஸ் மூன்றும். போன் டேட்டாவில் இன்டர்நெட், சொல்லாமல் போகும் கரண்ட், அலுமாரி நிறையப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த வினாத்தாள்கள் என்று இருக்கும் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புப் பக்கத்து வீட்டுக்கு எது பொருந்தும்?

குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸுக்கு 4 ஜிபி ரேம், 16 ஜிபி இடம் வேண்டும். ஏற்றுவது மிக இலகு. ஆனால் வட்டை முழுதாய் அழித்துவிட்டுத்தான் ஏறும்; பக்கத்தில் வின்டோஸை வைத்திருக்க விடாது. பிளே ஸ்டோரும் இல்லை. அதைவிடப் பெரிய தலையிடி, நினைத்த எழுத்துருவைப் போட முடியாதது. பாமினிக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் கூளம்தான் தெரியும். டேட்டா முடிந்த நாளில் பாதி வேலை படுத்துவிடும்.

லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஈ என்ற பாரம் குறைந்த பதிப்பு 2 ஜிபி ரேமில் எழும்பும், 4 ஜிபியில்தான் நிம்மதி. 2029 வரை ஆதரவு உண்டு. ஹோம் கோப்புறைக்குள் .fonts என்று புள்ளியில் தொடங்கும் கோப்புறை ஒன்றை உருவாக்கி (கண்ட்ரோலும் எச்சும் அழுத்தினால்தான் கண்ணில் படும்) பாமினியைக் கொப்பி பண்ணி, வேர்ட் போன்ற லிப்ரே ஆஃபிஸை மூடித் திறந்தால் பழைய வினாத்தாள் அப்படியே வரும். பிரோட்கொம் வைஃபை சிப் உள்ள லப்டொப்பில் நிறுவியதும் வைஃபை தெரியாமல் போகலாம். போனைக் கேபிளில் கொழுவி யூஎஸ்பி டெதரிங் போட்டு (போனின் இன்டர்நெட்டைக் கேபிள் வழியே லப்டொப்புக்குக் கொடுத்து), டிரைவர் மனேஜரில் பிரோட்கொம் டிரைவரைத் தெரிவுசெய்யுங்கள். கெனன் எல்பிபி 2900 பிரின்டர் வைத்திருப்பவர்கள் மட்டும் யோசிக்கவும். அதன் டிரைவர் லினக்ஸில் சண்டித்தனம் பண்ணும்.

ஆன்டிஎக்ஸ் 32 பிட், 1 ஜிபி லப்டொப்புகளுக்கு. தான் சிறிதாக இருந்தாலும் இணையத்தளங்கள் சிறிதாகாதே, நாலு டாப் திறந்தால் மூச்சுவாங்கும். தட்டச்சுக்குப் போதும்.

எதைப் போட்டாலும், கையிலுள்ள காசுக்கு முதலில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள். ரேம் பிறகு. குறைந்த வோல்டேஜ் ரேமான டிடிஆர்3எல் மட்டும் ஏற்கும் லப்டொப்பில் 1.5 வோல்ட் டிடிஆர்3 வேலை செய்யாது. பழைய ரேமின் ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கவும்.

மின்டை நிறுவ 8 ஜிபி பென்ட்ரைவ் ஒன்று எடுங்கள். வின்டோஸையும் வைத்திருப்பதென்றால் வின்டோஸுக்குள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற அமைப்பை நிறுத்துங்கள், இல்லையேல் வின்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனில் (வட்டின் பகுதியில்) மின்ட் எழுத முடியாது. பற்றரி செத்த லப்டொப்பை யூபிஎஸ்ஸில் கொழுவியே நிறுவுங்கள்: பார்ட்டிஷனைச் சுருக்கும்போது கரண்ட் போனால் வின்டோஸும் கோப்புகளும் சேர்ந்தே போகலாம்.