பி.எஸ்சி. ஹியூமன் டெவலப்மென்ட்: ரெக்கார்ட் நோட்டைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்

குழந்தை எப்படி வளர்கிறது, எப்படிக் கற்கிறது என்பதை இளநிலைப் பட்டமாகப் படிக்க வேண்டுமென்றால் நம் ஊரில் அது பெரும்பாலும் மனையியல் (ஹோம் சயின்ஸ்) கல்லூரி வழியாகத்தான் நடக்கும். ஒரு கல்லூரியில் ஹியூமன் டெவலப்மென்ட் என்பார்கள், இன்னொன்றில் சைல்டு டெவலப்மென்ட், வேறொன்றில் வெறும் ஹோம் சயின்ஸ். டெல்லி லேடி இர்வின் கல்லூரி (1932), பரோடா பல்கலைக்கழகத்தின் மனையியல் புலம் (1950), கோவை அவினாசிலிங்கம் (1957) என்று இந்தத் துறை மனையியலின் கிளையாகவே வேர்விட்டது. அதனால்தான் குழந்தையின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேயைப் படிக்க வந்த பிள்ளைக்கு முதல் ஆண்டில் துணி நெசவும் வீட்டு நிர்வாகமும் வந்து நிற்கின்றன. பொது ஹோம் சயின்ஸ் பட்டமானால் ஆறு செமஸ்டரிலும் சேர்த்துக் குழந்தையைப் பற்றிய தாள்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கும். பணம் கட்டுமுன் பாடத்திட்டத்தை வாங்கி எண்ணிவிடுங்கள்.

இவற்றோடு வரும் உணவு, ஊட்டச்சத்துத் தாளை மட்டும் வேண்டாத சுமை என்று தள்ளிவிடக் கூடாது. குழந்தையை அளக்கக் கற்றுத் தருவது அதுதான். இரண்டு வயதுக்குக் கீழே படுக்கவைத்து நீளம், அதற்கு மேல் நிற்கவைத்து உயரம். சின்னக் குழந்தையை நிற்கவைத்து அளக்க நேர்ந்தால் 0.7 செ.மீ. கூட்ட வேண்டும், பெரிய குழந்தையைப் படுக்கவைத்து அளந்தால் அதே 0.7 கழிக்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் அது கடுமையான ஊட்டக்குறை. அங்கன்வாடிக்கு வேலைக்குப் போனால் எரிக்சன் சொன்ன மனவளர்ச்சியின் எட்டுக் கட்டங்களைவிட இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

தியரி பகுதியில் குறை சொல்ல அதிகமில்லை, புகழவும் அதிகமில்லை. பியாஜே, வைகாட்ஸ்கி, பௌல்பி, எரிக்சன் என்று குழந்தை வளர்ச்சிக் கோட்பாட்டாளர்கள் எல்லாரும் எல்லாக் கல்லூரியிலும் பக்கக் கணக்கில் வருகிறார்கள். இதை நூலகத்தில் உட்கார்ந்தே படித்துவிடலாம். கட்டணம் கொடுத்துச் சேருவதற்கு உண்மையான காரணம் கல்லூரி வளாகத்திலேயே நடக்கும் நர்சரிப் பள்ளியும், அங்கே எழுதும் அப்சர்வேஷன் ரெக்கார்டும்.

நல்ல துறை இதை முதல் செமஸ்டரிலேயே தொடங்கிவிடும். தேதி, நேரம், இடம், குழந்தையின் வயது வருடம்-மாதம்-நாள் கணக்கில், பிறகு கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டும். "கவின் கோபமாக இருந்தான்" என்று எழுதினால் சிவப்பு மை விழ வேண்டும். "கட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான், வராததால் காலால் தரையை இரண்டு முறை உதைத்தான், 'எனக்கு' என்றான்" என்பதுதான் பதிவு. கோபமா, களைப்பா என்பதற்குப் பக்கத்தில் தனிப் பத்தி இருக்கும். அதை ஊகம் என்று தெரிந்தே எழுத வேண்டும். இந்தப் பிரிப்பு கைவர ஒரு செமஸ்டர் முழுக்க ஆகும். மூன்று வருடத்தில் கிடைக்கும் ஆகப் பெரிய திறமையும் இதுவே.

அடுத்த படி டைம் சாம்ப்ளிங், அதாவது குறித்த இடைவெளியில் மட்டும் பார்த்துக் குறிப்பது. 15 விநாடி பார், 45 விநாடி குறி, பத்து நிமிடத்துக்குப் பத்துப் பதிவு. பெரும்பாலும் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வகுத்த ஆறு விளையாட்டு வகைகளை வைத்துச் செய்யச் சொல்வார்கள். தனியே ஆடுவது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் ஆட்டம் ஆடுவது, சேர்ந்து ஆடுவது என்று போகும். இங்கே சறுக்குவது ஒரே இடத்தில்: ஒரே குழந்தையை இரண்டு மாணவிகள் தனித்தனியாகக் குறித்து, ஒத்துப்போனவற்றை மொத்தப் பதிவால் வகுத்து, 100-ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் வகைகளின் வரையறையைத் திருத்திவிட்டு மறுபடி போக வேண்டும். பல இடங்களில் இந்த ஒப்பீடே நடப்பதில்லை. அப்படியானால் எழுதிய அட்டவணை அலங்காரம்தான்.

வளர்ச்சிப் பரிசோதனைப் பகுதியில் திருவனந்தபுரம் ஸ்கிரீனிங் சார்ட் கட்டாயம் இருக்க வேண்டும். 1991-இல் வெளிவந்தது. பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை 17 உருப்படிகள், அதாவது குழந்தை செய்ய வேண்டிய செயல்கள்; ஒவ்வொன்றும் வயது வரிசையில் ஒரு பட்டை. ஒரு குழந்தைக்குப் பத்து நிமிடம் கூட ஆகாது. வயதுக்கு நேரே செங்குத்தாக ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் முழுக்க முடிந்துவிட்ட உருப்படி ஒன்றைக் குழந்தை செய்யவில்லை என்றால் மேற்கொண்டு பார்க்க அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். ஆனால் கோடே தப்பான இடத்தில் விழுந்தால்? 2023 செப்டம்பர் 24-இல் பிறந்த குழந்தையை 2025 மார்ச் 10-இல் பார்த்தால் வயது 1 வருடம் 5 மாதம் 16 நாள். மாதத்துக்கு 30 நாள் கடன் வாங்கிக் கழிப்பதுதான் வழக்கம். "ஒன்றரை வயது" என்று தாய் சொன்னதை அப்படியே போட்டால் அரை மாதம் தள்ளிப்போகும். குறைமாதக் குழந்தையானால் இன்னும் மோசம். 32 வாரத்தில் பிறந்ததென்றால், 40-க்குக் குறைந்த எட்டு வாரத்தை வயதிலிருந்து கழித்தபின்தான் கோடு; இரண்டு வயது வரை இந்தத் திருத்தம் உண்டு. கழிக்க மறந்தால் நன்றாக இருக்கும் குழந்தைக்குப் பின்தங்கல் என்று முத்திரை விழும், வீட்டில் தூக்கம் போகும்.

டி.ஏ.எஸ்.ஐ.ஐ. என்கிற, குழந்தை வளர்ச்சியை விரிவாக அளக்கும் பரோடா அளவுகோலில் பிறப்பு முதல் 30 மாதம் வரை 67 இயக்க உருப்படிகளும் 163 மன உருப்படிகளும் உண்டு. இளநிலையில் அதை நேரில் பார்த்தால் போதும். "எங்கள் மாணவிகள் இதைச் செய்து ரிப்போர்ட் தருவார்கள்" என்று விளம்பரம் செய்யும் இடத்தை நம்ப வேண்டாம். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

குவளை மாறினாலும் தண்ணீரின் அளவு மாறாது என்பது குழந்தைக்குப் புரிகிறதா என்று பார்க்கும் பியாஜேயின் சோதனை எல்லாப் பிராக்டிகலிலும் வரும், பாதிப் பேர் கெடுப்பார்கள். இரண்டு குவளையிலும் ஒரே அளவுதான் என்று குழந்தை தன் வாயால் ஒப்புக்கொண்ட பிறகே உயரமான குவளையில் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது "பாரு, எவ்வளவு மேலே போச்சு" என்று சொன்னால் விடையைச் சொல்லிக் கொடுத்தாயிற்று. கேள்வியை இரண்டாம் முறை கேட்பதே குழந்தையைப் பதிலை மாற்ற வைக்கலாம் என்று 1974-இல் ரோஸும் பிளாங்க்கும் காட்டியதை வகுப்பில் பேசுகிறார்களா என்று விசாரியுங்கள். பேசினால் அந்த ஆசிரியர் பாடப்புத்தகத்துக்கு வெளியிலும் படிக்கிறவர்.

இனி, வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம். இந்தப் பட்டம் ஆசிரியர் தகுதி அல்ல. அரசு தொடக்கப் பள்ளி என்றால் தொடக்கக் கல்விப் பட்டயமான டி.எல்.எட். இரண்டு ஆண்டும் தகுதித் தேர்வும் வேண்டும். சிறப்புக் கல்வி, பேச்சுப் பயிற்சி இரண்டுக்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவில்லாமல் அந்தத் தொழில் செய்வது குற்றம். "தெரபிஸ்ட் ஆகலாம்" என்று அட்மிஷன் மேஜையில் சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள், பேச்சு அத்தோடு நின்றுவிடும். குழந்தை வளர்ச்சித் திட்டப் பணிகளுக்கான அறிவிப்புகளில் பட்டங்களின் பெயரை வரிசையாகப் போட்டிருப்பார்கள்; உங்கள் சான்றிதழில் அச்சாகும் பெயர் அதில் இல்லையென்றால் இணையான பட்டம் என்று அரசாணை தேடி அலைய வேண்டியதுதான். பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, கல்லூரி தரும் பட்டப் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். முதுநிலைக்குப் போகிறவர்களுக்கும், டே கேர், பிளே ஸ்கூல், தொண்டு நிறுவனம் பக்கம் போகிறவர்களுக்கும் இது நல்ல அடித்தளம். பட்டம் முடிந்ததும் உரிமத்தோடு வேலை வேண்டுமென்பவர்கள் நேராகப் பேச்சு-செவித்திறன் பட்டத்துக்கே போய்விடலாம்.

கல்லூரியைப் பார்க்கப் போகும் நாளைக் காலை பத்து மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், நர்சரி நடக்கும் நேரம். ஒருபக்கக் கண்ணாடி வைத்த அறை இருக்கிறதா, இல்லையென்றால் மாணவிகள் எங்கே உட்கார்ந்து எழுதுகிறார்கள், குழந்தைகள் அவர்களைச் சுற்றி மொய்க்கிறார்களா, பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குகிறார்களா, படங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போகின்றனவா என்று பாருங்கள். பிறகு இரண்டாம் ஆண்டு ரெக்கார்டுகள் இரண்டை, பெயரை மறைத்து, காட்டச் சொல்லுங்கள். வயதில் நாள் கணக்கு இருக்கிறதா, ஆசிரியரின் சிவப்பு மை கையெழுத்தைத் தாண்டி வாக்கியங்களுக்குள் இறங்கியிருக்கிறதா என்று புரட்டுங்கள். இரண்டு நோட்டிலும் ஒரே குழந்தை ஒரே வாக்கியத்தில் அழுதால், வேறு கல்லூரியைப் பாருங்கள்.