கரியமில வாயுவைக் கப்பலேற்றிப் புதைக்கும் சேவை: நார்தர்ன் லைட்ஸ் மதிப்புரை

சிமென்ட் ஆலை நடத்தும் ஒருவர் தம் புகைபோக்கியில் வெளியேறும் கரியமில வாயுவைப் பிரித்தெடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதுதான் அவருடைய அடுத்த கவலை. ஆலைக்கு அடியில் அதற்கேற்ற பாறை இருக்காது; கடல்வரை குழாய் பதித்துக் கிணறு தோண்ட ஒரு தனி ஆலையால் முடியாது. வாயுவைத் திரவமாக்கித் தம் துறைமேடையில் வைத்துவிட்டால் போதும், அங்கிருந்து ஏற்றிச் சென்று கடலடியில் புதைக்கும் பொறுப்பு எங்களுடையது என்று முன்வந்திருக்கிறது நார்வேயின் நார்தர்ன் லைட்ஸ். ஈக்வினோர், ஷெல், டோட்டல் எனர்ஜிஸ் ஆகிய மூன்று எண்ணெய் நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் இந்த நிறுவனம், 2025 ஆகஸ்டில் முதல் வாயுவைக் கடலடிப் பாறைக்குள் செலுத்தியது.

புதைக்கும் தொழில்நுட்பம் நார்வேக்குப் புதிதல்ல. 1991இல் அந்நாடு கடலோர எண்ணெய், எரிவாயு உற்பத்திக்குக் கார்பன் வரி விதித்ததன் விளைவாக, 1996 முதலே ஸ்லைப்னர் என்ற கடல் எரிவாயு வயலில் இயற்கை எரிவாயுவோடு வெளிவரும் கரியமில வாயுவைப் பிரித்து, ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் டன் வரை கடலடியில் செலுத்தி வந்தார்கள். அது தன் வீட்டுக் குப்பையைத் தன் கொல்லையில் புதைத்த கதை. ஊரார் குப்பையைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்றிச் செல்லும் தொழில் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. ஐரோப்பாவில் இந்த வாயுவுக்கென ஒரு வட்டாரச் சந்தை உருவாகுமா என்பதற்கு இந்தச் சேவையே முதல் சோதனை என்பதால், அந்தக் கண்கொண்டே இதை மதிப்பிடுகிறேன்.

முதலில் சரக்கைப் பற்றி. சாதாரணக் காற்றழுத்தத்தில் கரியமில வாயு திரவமாகவே இராது. கரியமில வாயு நிரப்பிய தீயணைப்பான் கருவியை அழுத்தும்போது அதன் வாயில் வெண்பனியாகக் கொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அதனால் ஏறத்தாழ 15 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 15 மடங்கு அழுத்தத்திலும் பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரி வெப்பநிலையிலும் வைத்துத்தான் கப்பலேற்றுகிறார்கள். சீனாவின் தாலியான் கப்பல் கட்டும் தளத்தில் உருவான, 130 மீட்டர் நீளமுள்ள இக்கப்பல்கள் ஒவ்வொன்றும் 7,500 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 8,000 டன் கொள்ளும். பெர்கனுக்கு அருகே ஓய்கார்டனில் உள்ள முனையத்தின் தொட்டிகளில் இறக்கிய பின், சுமார் 100 கிலோமீட்டர் குழாய் வழியாகக் கடலுக்குள் அனுப்பி, கடல்தரைக்கு 2,600 மீட்டர் கீழே உப்புநீர் ஊறிய மணற்பாறைக்குள் செலுத்துகிறார்கள்.

வாடிக்கையாளருக்கு உண்மையான தலைவலி தரத்தில் இருக்கிறது. திரவத்தில் ஈரம் பத்து லட்சத்தில் 30 பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது கார்பானிக் அமிலமாகி எஃகை அரிக்கும். கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கும் கறாரான வரம்புகள் உண்டு. எல்லோருடைய வாயுவும் ஒரே தொட்டியில், ஒரே குழாயில் கலப்பதால் இந்தக் கண்டிப்பு நியாயமானதுதான் என்றாலும், அதன் செலவு முழுவதும் ஆலைக்காரரின் தலையில்தான் விழுகிறது.

விலையில் தெளிவில்லை. பட்டியல் விலை என்று எதுவும் கிடையாது. ஒவ்வோர் ஒப்பந்தமும் தனித்தனியே பேசி முடிக்கப்படுகிறது. வாயுவை வெளியே விடும் ஆலைகள் வாங்க வேண்டிய ஐரோப்பிய உமிழ்வு அனுமதி, 2025இல் ஒரு டன்னுக்குப் பெரும்பாலும் 60 முதல் 80 யூரோவுக்குள் விற்றது. பிரித்தெடுத்தல், திரவமாக்கல், கப்பல், கிணறு எல்லாவற்றையும் அந்தத் தொகைக்குள் அடக்குவது சிமென்ட் ஆலைக்குக் கடினம். ஆகவேதான் முதல் கட்டத் திட்டச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை நார்வே அரசு ஏற்றது. ஆஸ்லோவின் குப்பை எரிப்பு ஆலை செலவு கைமீறியதால் 2023இல் திட்டத்தை நிறுத்தி வைத்து, 2025 ஜனவரியில்தான் மீண்டும் கையில் எடுத்தது. அரசு முதுகில் ஏறி நடக்கும் சந்தையை முழுச் சந்தை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் வாடிக்கையாளர் வரிசை வியப்பளிக்கிறது. நெதர்லாந்தின் ஸ்லாய்ஸ்கிலில் உள்ள யாரா உர ஆலை ஆண்டுக்கு 8 லட்சம் டன் அனுப்ப ஒப்பந்தம் செய்தது. டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் மின் நிறுவனம் 4,30,000 டன். ஸ்வீடனின் மின், வெப்ப நிறுவனமான ஸ்டாக்ஹோம் எக்சர்ஜி 9 லட்சம் டன்னுக்கு ஒப்புக்கொண்ட பிறகே, 2025 மார்ச்சில், கொள்ளளவை ஆண்டுக்கு 15 லட்சம் டன்னிலிருந்து குறைந்தது 50 லட்சம் டன்னாக உயர்த்தும் முடிவு எடுக்கப்பட்டது. எக்சர்ஜி எரிப்பது மரக்கழிவு. அந்தக் கார்பன் மரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்தது என்பதால், அதன் வாயுவைப் புதைத்தால் காற்றிலிருந்தே கார்பன் குறைந்ததாகக் கணக்கு. அந்தக் கணக்கை மைக்ரோசாஃப்ட் போன்றவர்கள் தனியே விலை கொடுத்து வாங்குகிறார்கள். உமிழ்வு அனுமதிச் சந்தை தராத பணம் இப்படிப் பக்கவாட்டில் வருகிறது.

எல்லை கடப்பதில் இருந்த சட்டச் சிக்கலையும் சொல்ல வேண்டும். கடலில் கழிவு கொட்டுவதைத் தடுக்கும் லண்டன் நெறிமுறையின்படி, புதைப்பதற்காக இவ்வாயுவை வேறு நாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாமல் இருந்தது. 2009இல் கொண்டுவந்த திருத்தம் போதிய நாடுகளின் ஒப்புதலின்றிக் கிடந்ததால், 2019இல் அதைத் தற்காலிகமாக நடைமுறைப்படுத்த வழி செய்தார்கள். 2024 ஏப்ரலில் நார்வே, பெல்ஜியம், டென்மார்க், நெதர்லாந்து, ஸ்வீடன் ஆகிய நாடுகளோடு உடன்பாடு செய்துகொண்டது. கப்பலுக்கும் முன்பே காகிதம் ஓட வேண்டியிருந்தது.

புதைக்காமல் பயன்படுத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நம் தூத்துக்குடியிலேயே ஒரு ரசாயன ஆலை, 2016இல் தன் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வரை பிரித்துச் சோடா சாம்பல் செய்யும் ஏற்பாட்டைத் தொடங்கியது. நல்ல முயற்சிதான், ஆனால் நார்வேயின் பிரேவிக் சிமென்ட் ஆலை ஒன்றே ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிரிக்கிறது, அதுவும் அதன் மொத்த உமிழ்வில் பாதிதான். அவ்வளவையும் வாங்கிக்கொள்ள எந்தச் சோடா ஆலையாலும் முடியாது.

கடலோரத்தில் இருக்கும், சுண்ணாம்புக்கல்லைச் சுடுவதே உமிழ்வுக்குக் காரணமாகிற, வேறு வழியற்ற ஆலைகளுக்கு இந்தச் சேவையைப் பரிந்துரைப்பேன். உள்நாட்டு ஆலைகள் துறைமுகம்வரை செல்லும் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். ராட்டர்டாம் அருகே போர்தோஸ், டென்மார்க்கின் கிரீன்சாண்ட் ஆகிய புதைப்புத் திட்டங்களும் முழு வீச்சில் இயங்கினால் பேரம் பேச வாய்ப்புக் கிடைக்கும். கையெழுத்திடும் முன் ஆலைக்காரர் அளந்து பார்க்க வேண்டியது தம் சேமிப்புத் தொட்டியை. பிரேவிக்கின் கணக்கில் நாளொன்றுக்குச் சுமார் 1,100 டன் சேருகிறது. ஏழு நாளில் ஒரு கப்பல் சுமை. குளிர்காலப் புயலில் கப்பல் நான்கு நாள் தாமதித்து, தொட்டியும் நிரம்பிவிட்டால், பாடுபட்டுப் பிரித்த வாயுவை மீண்டும் புகைபோக்கி வழியே விட்டுவிட்டு, அதற்கான உமிழ்வு அனுமதியையும் அவரே வாங்க வேண்டியிருக்கும்.