ஏசிஎல் ஜவ்வு கிழிந்தால்: உடனே ஆபரேஷனா, முதலில் பயிற்சியா?

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் ஏசிஎல், அதாவது முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிணைக்கும் ஜவ்வு, முழுதாகக் கிழிந்திருப்பதைப் பார்த்ததும் ஆபரேஷன் தேதியைத்தான் கேட்கப் போனேன். தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ தசைநாரை எடுத்து, சின்னத் துளைகள் வழியாகவே புது ஜவ்வாகப் பொருத்திவிடுகிறார்கள். நல்ல சிகிச்சைதான். ஆனாலும் டாக்டரிடம் பேசியபின் முதலில் மூன்று மாதம் பயிற்சி என்று முடிவு செய்தேன். இரண்டு வருடம் ஆகிறது, இதுவரை ஆபரேஷன் தேவைப்படவில்லை. அதனால் என் சாய்வு பயிற்சியின் பக்கம்தான்.

தைரியம் தந்தது ஸ்வீடனில் நடந்த கேனான் ஆய்வு. மொத்தம் 121 பேர். ஒரு பிரிவுக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மற்ற 59 பேருக்குப் பயிற்சி. முட்டி நிற்காமல் நழுவினால் மட்டும் பிறகு ஆபரேஷன். 2010-ல் வெளிவந்த இரண்டு வருட முடிவில் வலியிலும் நடமாட்டத்திலும் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த 59 பேரில் 36 பேர் அதுவரை ஆபரேஷனே செய்துகொள்ளவில்லை. ஐந்து வருடத்தில் அது அந்த 59 பேரில் ஏறக்குறைய பாதிப் பேராகக் குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை எல்லாமே முன்தொடைத் தசையில்தான் இருக்கிறது. முட்டி வீங்கியிருக்கும்வரை நரம்பு அந்தத் தசையை முழுதாக இயங்க விடாது. சில வாரத்திலேயே தொடை சூம்பிவிடும். ஆரம்பத்தில் காலை நீட்டியபடி தூக்கவே எனக்கு வரவில்லை. முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது, அப்புறம் மின்தூண்டல் (லேசான மின்சாரம் கொடுத்துத் தசையை இயக்குவது), படி ஏறுவது, ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுவது என்று போனது. நல்ல காலின் பலத்தில் 90 சதவீதம் வந்தபிறகுதான் ஓட விட்டார்கள்.

இந்த உழைப்பு எப்படியும் வீணாகாது. ஆபரேஷன் ஜவ்வைத்தான் மாற்றும். தசை அதன்பின் இன்னும் சூம்பும். தொடை பலமாக இருக்கும்போது ஆபரேஷன் மேசைக்குப் போகிறவர்களே பிறகு நன்றாகத் தேறுகிறார்கள். அதன்பிறகும் ஒன்பது மாதத்துக்கு முன் களத்தில் இறங்குகிறவர்களுக்கு மறுபடி அடிபடும் ஆபத்து அதிகம். ஆக, எந்த வழியில் போனாலும் பயிற்சி உண்டு.

சரி, ஆபரேஷன் யாருக்கு? மெனிஸ்கஸ் (முட்டிக்குள் மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்து மாட்டி முட்டி மடங்காமலோ நீளாமலோ நிற்பவர்கள், பல ஜவ்வுகள் ஒன்றாகப் போனவர்கள் காத்திருக்கக் கூடாது. கால்பந்து மாதிரி சட்டென்று திரும்பும் விளையாட்டுக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு என் அனுபவம் உதவாது. நான் நடை, சைக்கிள், நீச்சலோடு நிறுத்திக்கொண்டேன்.

இன்னொன்று. நழுவிக்கொண்டே இருக்கும் முட்டியை வைத்துக்கொண்டு பொறுமையாக இருந்தால் நல்ல மெனிஸ்கஸும் கிழியும். அதனால் இரண்டாவது முறை நழுவினால் ஆபரேஷன் என்று டாக்டரிடம் முன்பே பேசி வைத்திருந்தேன். முதல் மாதத்தில் ஒருமுறை படியில் நழுவியது. அதற்குப் பிறகு இல்லை.