பேருந்துப் பயணத்துக்கு எந்த மடக்கு சைக்கிள்?

பாளையங்கோட்டையிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை பேருந்திலும், அங்கிருந்து மணிமுத்தாறு சாலையில் இருக்கும் வேலையிடம் வரை சைக்கிளிலும் போய் வருகிறவன் நான். கடைக்காரர்கள் மடக்கு சைக்கிளின் கியர் எண்ணிக்கையையே முதலில் சொல்கிறார்கள். வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் காலைக் கூட்டத்தோடு படியேறுகிறவருக்கோ, மடக்கிய வண்டி எவ்வளவு இடத்தை அடைக்கிறது, பிடிக்காமல் விட்டால் நிற்கிறதா என்பவைதாம் முக்கியம்.

இந்த இரண்டிலும் பிராம்ப்டன் என்ற மடக்கு சைக்கிளுக்கு ஈடில்லை என்றே சொல்வேன். 1970களில் லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி வடிவமைத்த அந்த வண்டியில் பின்சக்கரம் சட்டத்துக்கு அடியில் சுழன்று வர, முன்சக்கரம் அதன் பக்கவாட்டில் வந்து அமர்கிறது. சங்கிலி இரண்டுக்கும் நடுவே அடங்கிவிடுவதால், பக்கத்தில் நிற்பவரின் வேட்டியிலோ சேலையிலோ கறை படுவதில்லை. மடக்கினால் ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் அகலம்தான். கடைசி நீள இருக்கையின் ஓரத்தில் தானாகவே நிற்கும். ஆயினும் நம் பக்கத்தவருக்கு அதைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம் உண்டு. விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும் என்பது மட்டும் காரணமன்று. அதன் 16 அங்குலச் சக்கரம் 349 என்ற அளவைச் சேர்ந்தது, அதாவது டயர் பொருந்தும் வளையத்தின் விட்டம் 349 மில்லிமீட்டர். சிறுவர் சைக்கிள்களுக்கு விற்கும் 16 அங்குல டயரோ 305. இரண்டையும் 16 என்றே அழைத்தாலும் ஒன்று மற்றதில் சேராது. வழியில் டயர் கிழிந்தால் அம்பாசமுத்திரத்துச் சைக்கிள் கடைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கைவிரிக்கத்தான் வேண்டியிருக்கும்.

ஆகவே, டாஹோன் நிறுவனம் 1980களிலிருந்து பரப்பிய முறையில், சட்டத்தின் நடுவே கீல் வைத்து மடக்கும் 20 அங்குல வண்டியே நமக்கு ஏற்றது. நான் வைத்திருப்பதும் அந்த வகைதான். இதன் டயரின் பக்கவாட்டில் 406 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால், பெரும்பாலான 20 அங்குலச் சிறுவர் சைக்கிள்களின் டயரும் டியூபும் இதற்கும் பொருந்தும். மடக்கினால் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நீளம் வருவதால், ஏறிய உடனே கண்டக்டரிடம் கேட்டு இடம் பார்த்துக்கொள்வது நல்லது. சுமைக் கட்டணம் கேட்டால் தயங்காமல் கொடுத்துவிடுவேன், அதில் நியாயம் இருக்கிறது. இரு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் காந்தத்தை மட்டும் நம்ப முடியாது. பத்தமடை, வீரவநல்லூர் என்று ஊருக்கு ஊர் வரும் வேகத்தடைகளில் அது விட்டுவிடுகிறது. பழைய டியூபிலிருந்து வெட்டிய ஒரு பட்டையால் சக்கரங்களைச் சேர்த்துக் கட்டிவிட்டால் வண்டி அசைவதில்லை. சங்கிலி வெளிப்புறமாகவே நிற்பது இந்த வகையின் உண்மையான குறை. அதற்குத் தடித்த துணியில் ஓர் உறை தைத்துக்கொள்ள வேண்டும்.

கியரின் அருமை தெரிவது ஆனி, ஆடியில்தான். மலையிலிருந்து இறங்கும் மேல்காற்று, தென்மேற்காகப் போகும் மணிமுத்தாறு சாலையில் நேராக மார்பில் அடிக்கும்போது, ஒரே கியர் உள்ள வண்டியை மிதித்துப் போவது பெரும்பாடு. 6 அல்லது 7 கியர் தாராளமாகப் போதும். அதற்கு மேல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

இணையத்தில் மலிவாக வரும் சில வண்டிகளில் கீல் தளர்வாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இது உயிரோடு விளையாடும் விஷயம் என்பதால், வாங்குமுன் கீலைப் பூட்டி, முன்பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். இணைப்பில் விரலை வைத்தால் சிறு ஆட்டமும் தெரிந்துவிடும். இவ்வகை வண்டிகள் 12 முதல் 14 கிலோ வரை எடை கொண்டவை. மடக்கிய வண்டியை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு கடையின் படியில் ஒருமுறை ஏறி இறங்கியும் பாருங்கள், பேருந்தில் மற்றொரு கை கம்பியைப் பிடித்திருக்கும்.