புட்டுக்குப் பழமா, பயறா?

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி, காலையில் புட்டு அவிக்காத வீடு குறைவு. புட்டு வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்றுதான். அதோடு எதைச் சேர்ப்பது என்பதில்தான் வீட்டுக்கு வீடு கட்சி. பழத்தையும் சீனியையும் போட்டுப் பிசைவதா, பயறும் பப்படமும் வைப்பதா? மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனுக்காக இதில் நான் ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்தது. ஜூலையிலிருந்து பள்ளி நாள் எல்லாம் பயறுதான்.

காரணம் அவன் டீச்சர் சொன்ன ஒரு வார்த்தை. “முதல் இரண்டு பீரியடு நல்லா கவனிக்கிறான். பதினொரு மணிக்கு மேல பக்கத்துப் பிள்ளையோட ஒரே சண்டை, எழுதச் சொன்னா பென்சிலைக் கடிச்சிட்டு வெளியே பாக்கிறான்” என்றார். தினமும் அதே நேரம் என்றதும் எனக்குச் சாப்பாட்டின் மேல் சந்தேகம் வந்தது. அவன் அம்மாவுக்குப் பாதி நாள் இரவுப் பணி என்பதால் காலைச் சமையல் என் கையில். அவனுக்குப் பிடித்தது, எனக்கும் சுலபமானது பழப்புட்டு. நன்றாகப் பழுத்த ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்), மேலே இரண்டு கரண்டி சீனி, ஐந்து நிமிடத்தில் தட்டு காலி.

ருசியிலும் நேரத்திலும் பழம்தான் முன்னால் நிற்கிறது. அதில் பேச எதுவும் இல்லை. கார்ன்ஃபிளேக்ஸ், பிரெட்-ஜாம் இரண்டையும் நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. கிளைசெமிக் இண்டெக்ஸ் என்று ஓர் அளவு உண்டு. ஓர் உணவு ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று பார்க்க, 1981-இல் டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழு கொண்டுவந்தது. குளுக்கோஸுக்கு 100 என்று வைத்தால் கார்ன்ஃபிளேக்ஸ் ஏறத்தாழ 81, வெள்ளை பிரெட் 75. கொண்டைக்கடலை 28தான். 70-க்கு மேலே போனால் அதிகம், 55-ம் அதற்குக் கீழேயும் குறைவு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அதை மணிக்கணக்கில்தான் பார்க்க வேண்டும். வேன் ஏழரைக்கு வருகிறது, அதனால் அவன் சாப்பிடுவது ஏழேகாலுக்கு. மதியச் சாப்பாடு பன்னிரண்டே முக்காலுக்கு. நடுவில் ஐந்தரை மணி நேரம். இடைவேளை பத்து நிமிடம் விளையாட்டில் போய்விடும், கொடுத்துவிடும் பிஸ்கட் அப்படியே டப்பாவில் திரும்பி வரும். ஆக, ஏழேகாலுக்கு உள்ளே போனது பன்னிரண்டே முக்கால் வரை தாங்க வேண்டும்.

பழப்புட்டில் அரிசி மாவு, பழம், சீனி எல்லாமே மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். தேங்காய்ப்பூ கொஞ்சம் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவே. ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறுகிறது, அதை இறக்க இன்சுலின் சுரக்கிறது, இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கியும் விடுகிறது. ஆரோக்கியமான பிள்ளைக்கு அது ஆபத்தான அளவுக்குத் தாழாது, உடம்பே சரிசெய்துகொள்ளும். ஆனால் பசி வந்துவிடும், பசி வந்தால் எரிச்சல் கூடவே வரும். பெரியவர்களின் மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், செலவழிப்பதோ உடம்பின் ஆற்றலில் 20 சதவீதம். வளரும் பிள்ளைகளுக்கு இந்தப் பங்கு இன்னும் அதிகம்.

பயறில் புரதமும் நாரும் இருப்பதால் செரிமானம் மெதுவாக நடக்கிறது. 30 கிராம் சிறுபயறில் சுமார் 7 கிராம் புரதம். அதே புட்டுதான், ஆனால் பயறோடு போகும்போது புட்டின் மாவும் நிதானமாகக் கரைகிறது. இங்கிலாந்தில் 2007-இல் வந்த ஓர் ஆய்வில் 6 முதல் 11 வயது வரையுள்ள 64 பிள்ளைகளுக்குச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் காலையுணவு ஒருநாள், வேகமாக ஏற்றுவது இன்னொரு நாள் கொடுத்துப் பார்த்தார்கள். நேரம் போகப் போக எப்படியும் கவனம் குறையத்தான் செய்தது, மெதுவான உணவு சாப்பிட்ட நாளில் குறைவாகக் குறைந்தது. எல்லா ஆய்வும் இப்படியே சொல்லவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சீனி தின்றால் பிள்ளை துள்ளும் என்று என் அம்மை சொல்வாள். நானும் நம்பியிருந்தேன். அதற்கு ஆதாரம் இல்லை. 1994-இல் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தபோது, சீனி அதிகமாகச் சாப்பிட்ட பிள்ளைகளின் நடத்தையில் வித்தியாசம் தெரியவில்லை. அதே ஆண்டு இன்னொரு சோதனையில் சில தாய்மாரிடம் “பிள்ளைக்குச் சீனி கொடுத்திருக்கிறோம்” என்று பொய் சொன்னார்கள். கொடுத்தது சீனியே இல்லாத இனிப்பு. அந்தத் தாய்மாருக்குப் பிள்ளைகள் அதிகமாகத் துள்ளுவதாகத் தோன்றியது. இதைப் படித்த பிறகு என் கண்ணையே நான் முழுதாக நம்பவில்லை. அதனால் பயறுக்கு மாறியதை டீச்சரிடம் சொல்லவில்லை. ஐந்து வாரம் கழித்து, “இப்ப மதியம் வரை உக்காந்து எழுதுறான்” என்று அவராகவே சொன்னார். ஆனால் அதே மாதம்தான் அவனை ஒன்பது மணிக்குத் தூங்கவைக்கவும் ஆரம்பித்தோம். எவ்வளவு தூக்கத்தால், எவ்வளவு பயறால் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

பயறின் தொல்லையையும் சொல்ல வேண்டும். கொண்டைக்கடலை என்றால் தூங்கப் போகும் முன் ஊறப்போட்டாக வேண்டும். மறந்தால் காலையில் சிறுபயறுதான் கைகொடுக்கும், ஊறாவிட்டாலும் குக்கரில் வெந்துவிடும். முதல் வாரம் அவனுக்கு வயிறு உப்பியது. “சீரகமும் வெள்ளைப்பூண்டும் தேங்காயோட அரைச்சு விடு மக்கா” என்றாள் அம்மை. அதற்கப்புறம் சரியானது. அளவையும் மாற்றினேன்: முன்பு ஒரு முழுக் குழல் புட்டு, இப்போது அரைக் குழலும் இரண்டு கரண்டி பயறும், நொறுக்கிப் போட ஒரு பப்படம். இன்சுலின் போடும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் எதையும் மாற்ற வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பழப்புட்டுதான், சில வாரம் மட்டிப்பழம். அன்றைக்கு அவன் சாப்பிடவே ஒன்பது மணி ஆகும், மதியச் சோறு ஒரு மணிக்கு. நடுவில் பசித்தால் நேராக அடுக்களைக்கு வந்து கேட்பான்.